முன்னால் போகிற வண்டியில் ஏறி உட்காருங்கள்

மதுரையிலிருந்து காலை 6 மணிக்கு ஒரு லாரி சென்னை நோக்கிப் புறப்படுகிறது. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். 7 மணிக்கு அதே இடத்திலிருந்து அதே சாலையில் ஒரு கார் கிளம்புகிறது. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். லாரியைக் கார் எப்போது, எங்கே எட்டிப் பிடிக்கும்?

வினாத்தாளில் இதைப் பார்த்ததும் பெரும்பாலான மாணவர்கள் சூத்திரத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். லாரிக்கு ஒரு சமன்பாடு, காருக்கு ஒரு சமன்பாடு. கார் ஒரு மணி நேரம் தாமதம். அந்த ஒன்றை எந்தப் பக்கத்தில் கழிப்பது என்று ஒரு குழப்பம். அதைத் தாண்டினால் விடை வரும். ஆனால் பேனாவைத் தொடாமலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். கார் கிளம்பும்போது லாரி 50 கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வீதம் அந்த இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. 50 கிலோமீட்டரும் தீர 1 மணி 40 நிமிடம் ஆகும். ஆக, 8.40க்கு லாரியைப் பிடித்துவிடும். அதற்குள் கார் ஓடியிருக்கும் தூரம் 133 கிலோமீட்டர்; ஏறக்குறைய திருச்சியே வந்திருக்கும்.

இரண்டாவது வழியில் நாம் செய்தது என்ன? சாலையோரத்தில் நின்று இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்ப்பதை விட்டோம். லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தோம். அங்கிருந்து பார்த்தால் ஓடுவது கார் மட்டும்தான், அதுவும் மணிக்கு 30 கிலோமீட்டரில். இரண்டு வண்டிக் கணக்கு ஒரு வண்டிக் கணக்காகிவிட்டது. துரத்திப் பிடிக்கும் கணக்குகளில் பாதி வேலை, எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்வதிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி, எந்த நொடியில் எது சமமாகிறது என்று சரியாகக் கேட்பது. இந்த இரண்டும் கைவந்துவிட்டால் பிளஸ் ஒன் பாடப்புத்தகக் கணக்கிலிருந்து விண்கலங்களை இணைக்கும் கணக்குவரை ஒரே நூலில் கோத்துவிடலாம்.

அமாவாசையும் ஒரு துரத்தல்தான்

இந்த உத்தி இன்று நேற்று வந்ததல்ல. கி.பி. 499ஐ ஒட்டி ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில், 31ஆம் சூத்திரம் இதைத்தான் சொல்கிறது. இரண்டு பொருள்கள் எதிரெதிரே வந்தால் இடைத்தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரே திசையில் போனால் வேகங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது அவை சந்திப்பதற்கு இன்னும் இருக்கும் நேரம், அல்லது சந்தித்துக் கடந்துபோன நேரம்.

அவருக்கு லாரியும் காரும் தேவைப்படவில்லை. வானத்திலேயே போதுமான வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. நட்சத்திரங்களின் பின்னணியில் சந்திரன் ஒரு நாளில் சராசரியாக 13.2 பாகை நகர்கிறது. சூரியன் நகர்வது 1 பாகைக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டும் ஒரே திசையில் போவதால் சந்திரன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12.2 பாகை முந்துகிறது. ஒருமுறை சூரியனைத் தாண்டிய சந்திரன் மறுபடி அதைப் பிடிக்க வேண்டுமானால் முழு வட்டமான 360 பாகையையும் கூடுதலாக ஓட வேண்டும். 360ஐ 12.2ஆல் வகுத்தால் 29.5 நாள். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைவரை ஆகும் காலம் அதுதான். நாட்காட்டித் தாளில் தினமும் பார்க்கிற திதியும் இதே கணக்கில் பிறந்தது: சந்திரன் சூரியனை ஒவ்வொரு 12 பாகை முந்தும்போதும் ஒரு திதி கழிகிறது. சந்திரன் பூமியை ஒரு சுற்று சுற்ற 27.3 நாள் போதும் என்றிருக்க, அமாவாசைக்கு மட்டும் ஏன் 29.5 நாள் என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. துரத்தப்படும் சூரியனும் அதற்குள் நகர்ந்துவிடுகிறதே!

கடிகார முள்களும் அப்படித்தான். 12 மணிக்கு ஒன்றாக நிற்கிற இரண்டு முள்களும் மறுபடி ஒன்று சேர்வது ஒரு மணி நேரத்தில் அல்ல, 65 நிமிடம் 27 வினாடி கழித்து. பெரிய முள் நிமிடத்துக்கு 6 பாகை, சின்ன முள் அரைப் பாகை, வித்தியாசம் ஐந்தரை.

ஐரோப்பாவில் கி.பி. 800ஐ ஒட்டி அல்குயின் என்ற அறிஞரின் பெயரால் வழங்கும் புதிர்த் தொகுப்பில் ஒரு நாய் முயலைத் துரத்துகிறது. இடைவெளி 150 அடி. நாய் ஒரு பாய்ச்சலில் 9 அடி தாண்டும், முயல் 7 அடி. ஒரு பாய்ச்சலுக்கு 2 அடி நெருங்கினால் 75 பாய்ச்சலில் முயல் அகப்பட்டுவிடும்.

ஓடுகிற வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அதை நிற்பதாகக் கருதுவது நியாயமா? நியாயம்தான் என்று 1632இல் கலிலியோ தன் உரையாடல் நூலில் விளக்கமாக வாதிட்டார். சீரான வேகத்தில் போகும் கப்பலின் மூடிய அறைக்குள் என்ன சோதனை செய்தாலும் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் வாதம். ஆகவே லாரிக்குள்ளிருந்து போடும் கணக்கு, சாலையோரத்தில் நின்று போடும் கணக்குக்கு எந்த வகையிலும் இளைத்ததல்ல.

ரயிலுக்கு நீளம் உண்டு

தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் நடுவே புறநகர் மின்ரயில் பாதையும் வெளியூர் ரயில்களின் பாதையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. மின்ரயிலில் ஜன்னலோரம் நிற்கும்போது பின்னாலிருந்து ஓர் எக்ஸ்பிரஸ் வந்து சேரும். முதலில் எஞ்சின் மெதுவாகக் கடக்கும். அப்புறம் ஒவ்வொரு பெட்டியாக வரும். எதிர் ஜன்னலில் ஒருவர் பெட்டியைக் கீழே இறக்கிக்கொண்டிருப்பார். தண்ணீர் பாட்டிலின் மூடியை இன்னொருவர் திருகுவார். அவர்கள் முகத்தை நிதானமாகப் பார்க்க முடியும். இரண்டு ரயில்களும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்க, இந்தக் காட்சி மட்டும் நடைவேகத்தில் நகர்வது போலத் தெரியும்.

மின்ரயில் மணிக்கு 60 கிலோமீட்டரிலும் எக்ஸ்பிரஸ் 90 கிலோமீட்டரிலும் போவதாகக் கொள்வோம். வித்தியாசம் 30. இதை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றக் கைக்கணக்கு ஒன்று உண்டு: மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 5 மீட்டர். 36 என்றால் 10, 72 என்றால் 20, 90 என்றால் 25. இந்த அலகு மாற்றத்தைக் கோட்டைவிட்டுத்தான் பல கணக்குகள் தேர்வில் வீணாகின்றன. 30 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 8.3 மீட்டர். 22 பெட்டிகள் கொண்ட எக்ஸ்பிரஸ், பெட்டிக்கு 24 மீட்டர் வீதம், எஞ்சினையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 550 மீட்டர் நீளம். ஜன்னலோரம் நிற்பவரைக் கடக்க அதற்கு 66 வினாடி ஆகும்.

மின்ரயில் முழுவதையும் கடக்க வேண்டுமென்றால்? எக்ஸ்பிரஸின் முகப்பு மின்ரயிலின் கடைசிப் பெட்டியைத் தொடும் நொடியில் தொடங்கி, எக்ஸ்பிரஸின் கடைசிப் பெட்டி மின்ரயிலின் முகப்பைத் தாண்டும் நொடியில் முடிகிறது கணக்கு. ஆகவே இரண்டு நீளங்களையும் கூட்ட வேண்டும். 12 பெட்டி மின்ரயில் 250 மீட்டர் என்றால் மொத்தம் 800 மீட்டர், 96 வினாடி. அந்த நேரத்தில் எக்ஸ்பிரஸ் தரையில் ஓடியிருப்பது 2.4 கிலோமீட்டர். அதே ரயில்கள் எதிரெதிரே வந்திருந்தால் வேகங்களைக் கூட்டி 150 கிலோமீட்டர். 19 வினாடியில் எல்லாம் முடிந்துபோகும். எதிர் ரயிலில் யார் முகமும் நமக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

ஓவர்டேக் செய்ய எவ்வளவு சாலை வேண்டும்?

ரயிலுக்குத் தனிப் பாதை உண்டு. இருவழிச் சாலையில் லாரியை முந்தும் காருக்கு அந்த வசதி கிடையாது. எதிரே வருபவரின் பாதையைக் கடன் வாங்கித்தான் முந்த வேண்டும். எவ்வளவு நேரத்துக்குக் கடன்?

லாரி மணிக்கு 60, கார் 80. வித்தியாசம் 20 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 5.6 மீட்டர். லாரியின் நீளம் 12 மீட்டர், காரின் நீளம் 4 மீட்டர். லாரிக்குப் பின்னால் 20 மீட்டர் இருக்கும்போதே விலகி, அதைத் தாண்டி 20 மீட்டர் போனபிறகு மறுபடி இடப்பக்கம் சேர வேண்டும். லாரியில் உட்கார்ந்து பார்த்தால் கார் கடக்க வேண்டியது மொத்தம் 56 மீட்டர். ஆகும் நேரம் 10 வினாடி.

56 மீட்டர், 10 வினாடி என்று கேட்டால் சின்ன விஷயமாகத்தான் இருக்கிறது. இப்போது லாரியிலிருந்து இறங்கிச் சாலையில் நின்று பாருங்கள். அந்த 10 வினாடியில் கார் தரையில் ஓடுவது 224 மீட்டர். எதிரே ஒரு கார் அதே 80 கிலோமீட்டரில் வந்தால் அதுவும் 224 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக, முந்தத் தொடங்கும்போது முன்னால் ஏறக்குறைய 450 மீட்டர் சாலை வெறுமையாக இருந்தாக வேண்டும். இந்தியச் சாலைப் பேராயம் தன் வழிகாட்டு விதிகளில் 80 கிலோமீட்டர் வேகச் சாலைக்கு வகுத்திருக்கும் முந்தும் பார்வைத் தூரம் 470 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகச் சாலைக்கு அது 640 மீட்டர். வளைவுகளிலும் மேட்டிலும் இந்தத் தூரம் கண்ணுக்குத் தெரியாது. சாலை நடுவே தொடர்கோடு போடுவது இத்தகைய இடங்களில்தான்.

வேக வித்தியாசம் பாதியாகக் குறைந்தால் ஆபத்து எப்படிக் கூடுகிறது என்பதையும் பார்த்துவிடலாம். கார் 70 கிலோமீட்டரில் மட்டுமே போகிறது என்றால் அதே 56 மீட்டரைக் கடக்க 20 வினாடி ஆகும். எதிரே வருபவர் 80இல் வந்தால் தேவைப்படும் சாலை 840 மீட்டர். லாரிக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு முந்தவும் முடியாமல் விலகவும் முடியாமல் ஓடும் வண்டிகளைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுவது இதனால்தான். வேகம் கூடக்கூட ஆபத்து என்பது பொது விதி. முந்துவதில் மட்டும் வித்தியாசம் குறைவதும் ஆபத்து. பத்து, பதினைந்து கிலோமீட்டர் வித்தியாசம்கூட இல்லாவிட்டால் முந்தாமல் பின்னாலேயே போவதுதான் புத்திசாலித்தனம்.

பிடிக்கும் நொடியில் இரட்டை வேகம்

இதுவரை எல்லா வண்டிகளும் சீரான வேகத்தில் ஓடின. நின்ற இடத்திலிருந்து கிளம்பித் துரத்தும் வண்டிக்கு வேகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். பாடப்புத்தகங்களின் செல்லக் கணக்கு இது: வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு கார் ரோந்து வண்டியைக் கடந்து போகிறது. அதே நொடியில் ரோந்து வண்டி புறப்பட்டு, வினாடிக்கு வினாடி 2.5 மீட்டர் வீதம் வேகத்தைக் கூட்டுகிறது. எப்போது பிடிக்கும்?

இங்கே மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. இரண்டின் வேகமும் சமமாகும்போது பிடித்துவிட்டதாக நினைத்துவிடுவார்கள். ரோந்து வண்டி 20 மீட்டர் வேகத்தைத் தொட 8 வினாடி ஆகும். அப்போது அது ஓடியிருப்பது 80 மீட்டர். காரோ 160 மீட்டர் போய்விட்டது. வேகம் சமமாகும் நொடி, இடைவெளி மிக அதிகமாக இருக்கும் நொடி. அதுவரை விலகிக்கொண்டே போன இடைவெளி அங்கிருந்துதான் சுருங்கத் தொடங்குகிறது. பிடிப்பது என்றால் இடம் சமமாக வேண்டும். அது நடப்பது 16ஆம் வினாடியில், 320 மீட்டர் தொலைவில்.

அந்த நொடியில் ரோந்து வண்டியின் வேகம் என்ன? வினாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர். காரின் வேகத்தைப் போல் சரியாக இரு மடங்கு. இது தற்செயல் இல்லை. முடுக்கம் 2.5க்குப் பதில் 1 ஆக இருந்தாலும் 5 ஆக இருந்தாலும், சீராக இருக்கும்வரை, பிடிக்கும் நொடியில் வேகம் இரட்டைதான். பிடிக்கும்போது இருவரும் ஒரே தூரத்தை ஒரே நேரத்தில் ஓடியிருக்கிறார்கள். எனவே இருவரின் சராசரி வேகமும் ஒன்று. பூச்சியத்திலிருந்து சீராக ஏறியவரின் சராசரி, அவருடைய கடைசி வேகத்தில் பாதி. ஆக, கடைசி வேகம் இரட்டையாகத்தான் இருந்தாக வேண்டும்.

காருக்குள் உட்கார்ந்து பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கிருந்து பார்த்தால் ரோந்து வண்டி முதலில் வினாடிக்கு 20 மீட்டரில் பின்னோக்கிப் போகிறது. போகப்போக வேகம் குறைந்து 80 மீட்டர் தொலைவில் ஒரு கணம் நிற்கிறது. பிறகு திரும்பி, கிளம்பிய அதே 20 மீட்டர் வேகத்தோடு வந்து சேர்கிறது. மேலே எறிந்த பந்து உச்சிக்குப் போய்க் கைக்குத் திரும்புவதற்கும் இதற்கும் கணக்கில் எந்த வேறுபாடும் இல்லை.

நடைமுறையில் எந்த வண்டியும் 144 கிலோமீட்டர்வரை ஒரே சீராக வேகமெடுக்காது. ரோந்து வண்டி 108 கிலோமீட்டருக்கு மேல் போகாது, அதாவது வினாடிக்கு 30 மீட்டர்தான் உச்சம் என்று வைத்தால் கணக்கை இரண்டாக உடைக்க வேண்டும். 12 வினாடியில் அந்த வேகத்தைத் தொடும். 180 மீட்டர் ஓடியிருக்கும். கார் அப்போது 240 மீட்டரில் இருக்கும். மீதி இடைவெளி 60 மீட்டர். வினாடிக்கு 10 மீட்டர் வீதம் நெருங்க 6 வினாடி. மொத்தம் 18 வினாடி. வேகத்தில் 36 கிலோமீட்டரைக் குறைத்தும் தாமதம் 2 வினாடிதான்!

பஸ்ஸைப் பிடிக்க இரண்டு விடைகள்

இப்போது துரத்தலைத் தலைகீழாக்குவோம். துரத்துபவர் சீரான வேகத்தில் ஓடுகிறார், துரத்தப்படுவது வேகமெடுக்கிறது. பஸ் நிறுத்தத்தில் தினமும் நடப்பது இதுதான். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் வினாடிக்கு வினாடி 1 மீட்டர் வீதம் வேகமெடுக்கிறது. படிக்கட்டிலிருந்து 10 மீட்டர் பின்னால் ஒருவர் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடி வருகிறார்.

கணக்கைப் போட்டால் இருபடிச் சமன்பாடு வருகிறது. நேரத்தின் வர்க்கத்திலிருந்து நேரத்தின் 12 மடங்கைக் கழித்து 20ஐக் கூட்டினால் பூச்சியம். இதற்கு இரண்டு விடைகள்: 2 வினாடி, 10 வினாடி. எதை எழுதுவது, எதை அடிப்பது என்று மாணவர் தலையைச் சொறிவார். இரண்டுமே உண்மை. 2ஆம் வினாடியில் அவர் படிக்கட்டை எட்டுகிறார். பஸ்ஸின் வேகம் அப்போது 2 மீட்டர்தான். ஏறாமல் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் படிக்கட்டைத் தாண்டி முன்னால் போவார். 6ஆம் வினாடியில் 8 மீட்டர் முன்னால் இருப்பார். ஆனால் பஸ் வேகமெடுத்துக்கொண்டே இருக்கிறதே? 10ஆம் வினாடியில் படிக்கட்டு மறுபடி அவர் பக்கத்தில் வரும். இம்முறை பிடிப்பது பஸ். முதல் விடை ஆள் பஸ்ஸைப் பிடிக்கும் நேரம், இரண்டாவது பஸ் ஆளைப் பிடிக்கும் நேரம்.

அவர் 10 மீட்டருக்குப் பதில் 18 மீட்டர் பின்னால் இருந்தால் இரண்டு விடைகளும் ஒன்றாகிவிடும்: 6 வினாடி. அந்த ஒரு கணத்தில் மட்டும் படிக்கட்டு கைக்கு எட்டும், விட்டால் போயிற்று. 20 மீட்டர் பின்னால் இருந்தால் சமன்பாட்டுக்கு மெய்யான விடையே கிடையாது. எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்கச் சொல்லி நிற்கும். மனிதர் ஓடி ஓடி 2 மீட்டர்வரை நெருங்குவார். அப்புறம் இடைவெளி கூடத் தொடங்கும். 6ஆம் வினாடியில் வேகம் சமமாகிவிடுகிறது, அதற்கப்புறம் ஓடிப் பயனில்லை. ஆகவே இந்த வகைக் கணக்கில் விடை தேடும் முன்பே ஒரு சோதனை செய்துவிடலாம். வேகம் சமமாகும் நொடியில் இடைவெளி எவ்வளவு மிச்சம் இருக்கிறது? ஏதும் மிச்சமில்லை என்றால் பிடிக்கலாம். மிச்சம் இருந்தால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பதே மேல்.

கரும்பு டிராக்டருக்குப் பின்னால்

பிடிக்கக் கூடாத துரத்தல்களும் உண்டு. அரவைக் காலத்தில் இரவு நேரம், பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் மணிக்கு 18 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் ஒரு கார் 90இல் வருகிறது. வினாடிக்கு 5 மீட்டருக்கும் 25 மீட்டருக்கும் இடையே நடக்கும் கதை இது. டிரைவர் டிரெய்லரைக் கவனித்து பிரேக்கை மிதிக்க 1 வினாடி ஆகிறது. கார் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது. மோதாமல் தப்ப எவ்வளவு இடைவெளி வேண்டும்?

கார் முழுவதுமாக நிற்க ஆகும் தூரத்தைக் கணக்கிட்டால் 87.5 மீட்டர் வரும். கேட்ட கேள்விக்கு அது விடை அல்ல. கார் நிற்க வேண்டியதில்லை. டிராக்டரின் வேகத்துக்கு இறங்கினால் போதும். டிராக்டரில் உட்கார்ந்து பார்த்தால் கார் வருவது வினாடிக்கு 20 மீட்டரில். முதல் வினாடியில் 20 மீட்டர் போகிறது. பிரேக் பிடித்த பிறகு 4 வினாடியில் 40 மீட்டர். மொத்தம் 60 மீட்டர். இங்கேயும் தீர்மானிக்கும் நொடி, வேகம் சமமாகும் நொடிதான்.

இருட்டில் டிரைவர் ஏன் தாமதமாகவே உணர்கிறார் என்பதற்கும் இதே கணக்கு பதில் சொல்கிறது. பிரேக் பிடிக்காமல் வந்தால் இடைவெளி 200 மீட்டரிலிருந்து 100 ஆக 5 வினாடி ஆகும். அந்த 5 வினாடியில் டிரெய்லரின் உருவம் கண்ணுக்கு இரட்டிப்பாகும். 100 மீட்டர் 50 ஆக இரண்டரை வினாடி, மறுபடி இரட்டிப்பு. 50 மீட்டர் 25 ஆக ஒன்றேகால் வினாடி. நெருங்கும் வேகம் மாறவே இல்லை. கண்ணில் உருவம் பெருக்கும் வேகம்தான் ஏறிக்கொண்டே போகிறது. ஆபத்து தெரிய வரும்போது கையில் நேரம் இருப்பதில்லை. டிரெய்லரின் பின்பக்கம் ஒட்டும் பிரதிபலிப்புப் பட்டை அந்த நேரத்தைத்தான் வாங்கித் தருகிறது.

வேகத்தைக் கூட்டினால் பின்தங்கும் இடம்

சாலையில் முன்னால் போகும் வண்டியைப் பிடிக்க ஆக்சிலரேட்டரை அழுத்துவோம். விண்வெளியில் அப்படிச் செய்தால் இலக்கு கைநழுவிப் போகும். 1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களைச் சுமந்து வந்த ராக்கெட்டின் காலி இரண்டாம் அடுக்கு அருகே மிதப்பதைப் பார்த்து அதை நெருங்க முயன்றார். அதன் திசையில் எரிபொருளை எரித்துத் தள்ளினார். நெருங்குவதற்குப் பதில் விலகியது. எரிபொருள் வீணானதுதான் மிச்சம், முயற்சி கைவிடப்பட்டது.

காரணம், சுற்றுப்பாதையில் வேகமும் உயரமும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது. முன்னோக்கித் தள்ளினால் கலத்தின் ஆற்றல் கூடி அது மேலே ஏறும். மேலே உள்ள பாதை நீளமானது. அங்கே ஓடும் வேகமும் குறைவு. எனவே ஒரு சுற்று முடிக்க அதிக நேரம் எடுத்துப் பின்தங்கும். எட்டிப் பிடிக்க வேண்டுமென்றால் பிரேக் போட வேண்டும். வேகம் குறைந்த கலம் கீழே இறங்கும். இறங்கும்போது வேகமெடுத்து, சிறிய பாதையில் சீக்கிரம் சுற்றி முன்னேறும். 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் இலக்கைவிட 10 கிலோமீட்டர் கீழே ஓடினால் ஒரு சுற்றுக்கு, அதாவது சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு, 94 கிலோமீட்டர் முந்தலாம்.

இங்கும் இலக்கில் ஏறி உட்கார்ந்து பார்க்கும் உத்தி செல்லுமா? செல்லும், கொஞ்சம் கூடுதல் விலையோடு. இலக்கு நேர்கோட்டில் போகவில்லை, வட்டமடிக்கிறது. ஆகவே அதில் உட்கார்ந்திருப்பவரும் சுழல்கிறார். சுழல்பவர் கண்ணுக்குப் பொருள்கள் தாமாகவே பக்கவாட்டில் வளைந்து போகும். அந்த வளைவுக்கான உறுப்புகளையும் சமன்பாட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சந்திரனின் இயக்கத்துக்காக 1878இல் ஜார்ஜ் ஹில் இந்த வழியை வகுத்தார். விண்கலச் சந்திப்புக்கு ஏற்றபடி 1960இல் குளோஹெசியும் வில்ட்ஷையரும் அதை எழுதித் தந்தார்கள். 1965 டிசம்பரில் ஜெமினி 6ஏ, ஜெமினி 7ஐ எட்டிப் பிடித்து ஓரடி நெருக்கம்வரை போனபோது துரத்தும் கலை விண்வெளியிலும் கைவந்துவிட்டது.

இந்தியா அதைச் செய்து காட்டியது ஸ்பேடெக்ஸ் திட்டத்தில். 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி-சி60, தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்களைக் கொண்டுபோய் விட்டது. ஒன்று துரத்தும் கலம், மற்றொன்று இலக்கு. முதலில் சில கிலோமீட்டர் விலகவிட்டு, பிறகு படிப்படியாக நெருங்க வைத்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி, வேக வித்தியாசத்தைச் சரிபார்த்து, அப்புறமே அடுத்த கட்டம். 3 மீட்டர்வரை நெருங்கிய பிறகும் ஒருமுறை பின்வாங்கினார்கள். 2025 ஜனவரி 16 அன்று இரண்டும் இணைந்தன. ரஷ்யா, அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்து நான்காவது நாடு.

சுமார் 475 கிலோமீட்டர் உயரத்தில் அந்தக் கலங்கள் ஒவ்வொன்றும் மணிக்கு ஏறத்தாழ 27,500 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இணைப்புக் கருவியோ வினாடிக்கு 10 மில்லிமீட்டர் என்ற அளவிலான நெருங்கும் வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டது. எறும்பு ஊர்வதும் அந்த வேகத்தில்தான். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பார்க்க வேண்டியிருந்தது அந்த இரண்டாவது எண்ணை மட்டும்தான். இணைவதற்கு இடமும் வேகமும் ஒரே நொடியில் சமமாக வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. மதுரை லாரிக் கணக்கு போடும் மாணவருக்கு இடம் மட்டும் சமமானால் போதும். ஆனால் அவரும் கழிக்க வேண்டியதை முதலில் கழித்துவிட்டால், 80ஐயும் 50ஐயும் மறந்துவிட்டு 30ஐ வைத்துக்கொண்டே கணக்கை முடித்துவிடலாம்.